மலையில் உள்ள ஒரு அமைப்புக்கு ஐடி வேலை செய்து கொடுக்க ஆசை, எங்கே தொடங்குவது?

18 ஜனவரி 2025, குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி

பதினொரு வருடம் பெங்களூரில் ஜாவா எழுதினேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் குன்னூருக்கு வந்துவிட்டேன். சனி, ஞாயிறு நேரம் இருக்கிறது. ஆதிவாசி மக்களிடம் வேலை செய்யும் ஒரு அமைப்பைப் பார்த்தேன், எல்லாம் பேப்பரிலும் பழைய எக்செல்லிலும் கிடக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு மொபைல் ஆப் செய்து கொடுத்தால் ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். எந்த டெக்னாலஜி நல்லது? இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா?

19 ஜனவரி 2025

ஆப்பை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பிழைப்புக்கு டேட்டாபேஸ் வேலை. ஒன்பது வருடமாக இங்கே ஒரு சின்ன அமைப்புக்குச் சம்பளம் இல்லாமல் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன், பெயர் வேண்டாம். இத்தனை வருடத்தில் நானாக எழுதிக் கொடுத்த மென்பொருள் ஒன்றுகூட இன்று ஓடவில்லை. சரி செய்து கொடுத்த எக்செல் கோப்புகள் ஓடுகின்றன.

20 ஜனவரி 2025

நேற்று வெடுக்கென்று முடித்துவிட்டேன், காரணம் சொல்கிறேன்.

2016-ல் எனக்கும் பேப்பரைப் பார்த்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்புக்கு இணையத்தில் ஒரு படிவம் செய்து கொடுத்தேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நின்று போனில் சோதித்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. களப்பணியாளர்கள் போகும் ஊர்கள் குஞ்சப்பனைக்குக் கீழே, சரிவில், டவரே எட்டாத இடத்தில் இருக்கின்றன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழையபடி நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து அத்தனையையும் என் படிவத்தில் திரும்ப அடித்தார்கள். ஒரு வேலை இரண்டு வேலையானது. நாலு மாதம் இப்படி நடந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னார்: "சார், நீங்க காசு வாங்காம செஞ்சு குடுத்திருக்கீங்க, அதைப் போய் நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இந்த ஒரு வாக்கியம்தான். காசு கொடுத்துச் செய்த வேலை கெட்டால் போன் போட்டுத் திட்டலாம். இலவசமாகச் செய்தவரைத் திட்ட மனசு வராது. ஆகவே, நம் வேலை கெட்டுப்போனது நமக்குக் கடைசியில்தான் தெரியும். ஜாவாவா பைத்தானா என்பதெல்லாம் அப்புறம்.

20 ஜனவரி 2025, இரவு

டவர் இல்லாத இடத்துக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக எழுத வேண்டியதே இல்லை. ஓடிகே என்று, போனில் படிவம் நிரப்பித் தகவல் சேகரிக்கும் மென்பொருள் ஒன்று 2008 முதல் இருக்கிறது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, திறமூலம். அதை அடித்தளமாக வைத்து எழுந்ததுதான் கோபோ டூல்பாக்ஸ். படிவத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே நிரப்பலாம், பதிவுகள் போனிலேயே நிற்கும், டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். என் படிவத்தை மூட்டை கட்டிவிட்டு இதற்கு மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதுவே முதலில் தெரிந்திருந்தால் அந்த நாலு மாதம் அவர்கள் இரவில் அடித்திருக்க வேண்டியதில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

2 பிப்ரவரி 2025

பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தலூர், கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நோட்டுப் புத்தகம் அப்போதும் திறக்கும். எந்தப் பேப்பரையும் எடுத்துவிடாதீர்கள், பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள், போதும்.

இங்குள்ள அமைப்புகள் பல, நாம் பயன்படுத்தும் மென்பொருள்களைவிட வயதில் மூத்தவை. நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் 1958-ல் தொடங்கியது, கூடலூரின் அக்கார்டு 1980-களில், கீஸ்டோன் 1993-ல். (நான் வேலை செய்யும் இடம் இவற்றில் எதுவும் இல்லை.) தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அத்தனை வருடம் அவர்களோடு இருந்தவர்கள் எழுதி வைத்த பதிவேடு உங்களுக்குக் குழப்பமாகத் தெரிந்தால், அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு ஒழுங்கு இருக்கலாம். முதல் மாதம் அதைக் கற்றுக்கொள்ளப் போங்கள்.

9 பிப்ரவரி 2025

பெயர்ப் பெட்டி. வெளிநாட்டில் எழுதிய மென்பொருளில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டாவதை நிரப்பாமல் நகர விடாது. நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். அதுவும் ஊருக்குள் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நாலு வெள்ளன், மூன்று காளி, யார் மகன், எந்த ஓடைக்குப் பக்கத்து வீடு என்றுதான் அடையாளம். களப்பணியாளர்கள் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் அறிக்கை எடுத்தால் ஊர் முழுக்க எல்லோருக்கும் குடும்பப் பெயர் புள்ளி.

பிறந்த தேதியும் அப்படித்தான். வயதான பாட்டிக்கு வயசு உத்தேசமாகத் தெரியும், தேதி தெரியாது. கட்டாயம் தேதி வேண்டும் என்று வைத்தால் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்திருப்பார்கள். வயது என்று ஒரு கட்டம், எந்த வருடம் கேட்டது என்று ஒரு கட்டம் வையுங்கள், முடிந்தது.

2 மார்ச் 2025

"நீங்கள் செய்ததில் எது நிஜமாகப் பயன்பட்டது?" என்று குன்னூர்க்காரர் கேட்டிருக்கிறார். எழுத்துரு மாற்றம். இதை நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ் தெரிந்த ஐடி ஆள் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

அந்த அமைப்பின் பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் "அம்மா" என்று அழகாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். கோப்புக்குள் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதனால் பெயரைத் தேட முடியாது, அகர வரிசையில் அடுக்க முடியாது, வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் படிக்க முடியாது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது, தமிழ்நாடு அரசு 2010-ல் அதை ஏற்றது, ஆனால் மலையில் ஒரு சின்ன அலுவலகத்தில் 2004-ல் தட்டச்சு பழகியவர் பழகிய விரலோடுதான் 2016 வரை தட்டியிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. முழுத் தாளையும் அள்ளி ஒட்டினால் என்ன ஆகும் என்றால், நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் மருந்துப் பெயர், வங்கிக் குறியீடு எல்லாம் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடும். எக்செல்லில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துருவின் பெயர் பதிவாகி இருக்கும். அதைப் பார்த்து, பாமினி என்றிருந்தால் மட்டும் மாற்று என்று பைத்தானில் எழுதினேன். ஒரே கட்டத்துக்குள் பாதி பாமினி, பாதி ஏரியல் இருந்ததைத் தனியாக நிறம் போட்டு எடுத்து வைத்தேன்.

அடுத்து கொம்பு. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவார்கள், கொம்பு முதலில், எழுத்து அப்புறம். யுனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இதை மாற்றுவது சுலபம். மாட்டிக்கொண்டது கௌ. பாமினியில் கௌரி என்று எழுத, ஒற்றைக் கொம்பு, க, அப்புறம் ள தட்டுவார்கள், கடைசியில் வரும் அந்தச் சிறகும் ள எழுத்தும் ஒரே விசை. அப்படியே மாற்றினால் கெளரி என்று வரும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் கௌரி என்று தேடினால் கிடைக்காது. சரி, கொம்புக்கும் ளவுக்கும் நடுவில் எழுத்து வந்தால் அதை ஔகாரமாக மாற்று என்று விதி போட்டேன். உடனே வெள்ளன் எல்லாம் வௌ்ளன் ஆகிவிட்டது. இணையத்தில் வௌியீடு, வௌ்ளை என்றெல்லாம் உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அவையும் இப்படி வந்தவைதான். ளவுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளதான், ஔகாரம் இல்லை என்று விதியைத் திருத்தினேன், முக்கால்வாசி சரியானது. மீதிப் பெயர்களை அக்காவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். இந்தப் பெயர் இந்த ஊரில் இருக்கிறது, இது தட்டச்சுப் பிழை என்று அவரால் பார்த்த உடனே சொல்ல முடிந்தது. என் பைத்தானுக்கு அது தெரியாது.

அது முடிந்த வாரமே, பழைய பதிவில் பெயர் இருந்தும் "கிடைக்கவில்லை" என்று அலைய விட்ட ஒரு பாட்டியின் பதிவு கிடைத்தது. அவர் பெயர் கௌரி இல்லை, நான் உதாரணத்துக்குச் சொன்னேன். ஆனால் அதே வகைப் பிழை.

3 மார்ச் 2025

நேற்று எழுதியதில் விட்டது ஒன்று. வேலை முடிந்ததும் என் லேப்டாப்பில் இருந்த பிரதியை அழித்தேன், அழித்ததை அவர்களிடம் சொன்னேன். ஊர் ஊராக ஆதார் எண், நோய் விவரம், சாதிச் சான்று எண் எல்லாம் அதில் இருந்தன. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, சட்டம் வராவிட்டாலும் அது என் வீட்டில் இருக்க வேண்டிய சாமான் இல்லை. முடிந்த வரை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

6 ஏப்ரல் 2025

குன்னூர்க்காரருக்கு. நேரம் இருந்தால் இந்த மாதமே போங்கள், அவர்களுக்கு ஆள் தேவைப்படும் நேரம் இதுதான். 80ஜி விலக்கு (நன்கொடை கொடுத்தவருக்குக் கிடைக்கும் வரிச் சலுகை) உள்ள அமைப்புகள் 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்குப் படிவம் 10பிடி மூலம் அனுப்ப வேண்டும், மே 31 கடைசி நாள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அனுப்பிய பிறகுதான் கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும், அது இல்லாமல் அவர்களால் விலக்குக் கேட்க முடியாது.

வருடம் முழுக்க ரசீதுப் புத்தகம், வங்கி வரவு, வாட்ஸாப்பில் வந்த பான் எண் போட்டோ என்று மூன்று இடத்தில் இருப்பதை ஒரே பட்டியலாக்க வேண்டும். பத்து எழுத்து பான் எண்ணில் ஓவும் பூஜ்யமும் மாறியிருக்கும், ஒரே ஆள் இரண்டு விதமாகப் பெயர் கொடுத்திருப்பார். பான் எண்ணின் அமைப்பு எப்போதும் ஒன்றுதான், ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. அதைச் சோதிக்க எக்செல்லில் ஒரு சூத்திரம் போதும். உங்கள் பதினொரு வருட அனுபவத்தில் பத்து நிமிட வேலை, அவர்களுக்கு இரண்டு வாரத் தூக்கம்.

இவர்கள் ஏன் ஒரு ஐடி ஆளை வேலைக்கு வைப்பதில்லை என்று கேட்டவருக்கு: வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 2020-ல் 20 சதவீதமாகக் குறைந்தது. அலுவலகத்தில் இருந்து கம்ப்யூட்டர் பார்ப்பவர் சம்பளம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் விழும்.

11 மே 2025

சென்னையிலிருந்து ஒருவர், இருபது பேராக வந்து இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். நல்ல மனசுதான், தயவு செய்து வேண்டாம். மே மாதம் மலையில் வண்டி நகராது, போன வருடம் மே 7 முதல் இ-பாஸ் வேறு. இருபது பேருக்குச் சாப்பாடு, தங்க இடம், ஊர் சுற்றிக் காட்ட ஆள் என்று அந்த அலுவலகத்தின் ஐந்து பேரும் வேலையை விட்டு நிற்க வேண்டும். இருபது பேர் இரண்டு நாளுக்குப் பதில் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை என்று இரண்டு வருடம் வரட்டும்.

15 ஜூன் 2025

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த விஷயம். இது முழுக்க என் தப்பு.

2017-ல் அமைப்புக்கு வெப்சைட் செய்தபோது டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, என் பெயரில், என் கார்டில், என் மெயில் முகவரியில் எடுத்தேன். அப்போது அது உதவி என்று நினைத்தேன், அவர்களுக்கு ஏன் தொல்லை என்று. 2021-ல் கார்டு மாறியது, நினைவூட்டல்கள் நான் திறக்காத பழைய மெயிலுக்குப் போயின, கெடு தாண்டியது. காலாவதியான டொமைன் உடனே கை மாறிவிடாது, பொதுவாகச் சலுகை நாட்கள் உண்டு, அதற்குப் பிறகும் 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம், கடைசியாக 5 நாள் அழிப்புக்குக் காத்திருக்கும், அப்புறம்தான் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போனது. வேறு யாரோ வாங்கி அதில் சூதாட்டப் பக்கம் வைத்துவிட்டார்கள். நன்கொடை ரசீதுகளில் எல்லாம் அந்த முகவரி அச்சடித்திருந்தது.

வெப்சைட் திறக்கவில்லை என்று அலுவலகத்தில் மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சாருக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று விட்டிருக்கிறார்கள். மறுபடியும் அதேதான். அந்த மூன்று வாரத்தில் ஒரு போன் வந்திருந்தால் மீட்டிருக்கலாம்.

இப்போது எல்லாம் அமைப்பின் பெயரில், அமைப்பின் மெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்டுகள் ஒரு நோட்டில் எழுதி, ரசீதுப் புத்தகங்கள் இருக்கும் பீரோவில், பூட்டி. ஓடிபி போகும் எண் அலுவலக போன். ரெனியூவல் தேதி சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில். நாளை நான் மலையை விட்டு இறங்கினாலும் ஒன்றும் நிற்காது. முதல் நாளே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

17 ஜூன் 2025

பீரோவில் வைத்தால் திருட்டுப் போகாதா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்வேர்டு மேலாளர் மென்பொருள் நல்லது, அதைப் பழகிக்கொள்ளும் அலுவலகமாக இருந்தால் அதையே வையுங்கள். இங்கே பணப்பெட்டிச் சாவியை நாற்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை நம்புகிறேன்.

10 ஆகஸ்ட் 2025

மழை. பேக்கப் பற்றி எழுதச் சரியான நாள். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து மேஜை டிராயரில் இருக்கும் ஹார்டிஸ்க் பேக்கப் ஆகாது. ஒரு பிரதி வேறு கட்டடத்தில், முடிந்தால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே. மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், திறக்காத பேக்கப்பை நம்பி இரண்டு வருட வருகைப் பதிவை இழந்த இடம் எனக்குத் தெரியும்.

19 அக்டோபர் 2025

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14-ந் தேதியோடு முடிந்தது. பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுவிடுங்கள், லிப்ரே ஆபீஸ் போதும்.

21 அக்டோபர் 2025

முந்தின குறிப்பைத் திருத்துகிறேன். அலுவலகத்தில் போய்க் கேட்காமல் எழுதியது அது. கணக்கு டேலியில் ஓடுகிறது, டேலி லினக்ஸில் நேராக ஓடாது, ஆடிட்டர் கேட்பதும் டேலி கோப்புதான். ஆகவே கணக்குக் கம்ப்யூட்டருக்கு மட்டும் புதிது வாங்க நன்கொடை கேட்டிருக்கிறோம். களப்பணியாளர்கள் படிவம் பார்க்கும் இரண்டு லேப்டாப்பில் லினக்ஸ்.

8 நவம்பர் 2025

குன்னூர்க்காரர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார், இங்கே சொல்லச் சம்மதித்தார். ஏப்ரலில் போனவர் இன்னமும் போகிறார். ஆப் எழுதவில்லை. 10பிடி பட்டியலை மே 24-க்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது பழைய ரசீதுப் புத்தகங்களைப் படம் பிடித்து வரிசையாக்கிக்கொண்டிருக்கிறாராம். அவர் கேட்டது: "நான் செய்வது பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் நல்லா இருக்கு சார் என்கிறார்கள்."

நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்த இடத்தில் உங்கள் கோப்பை மூடிவிட்டு நோட்டை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன்.

23 நவம்பர் 2025

நேற்று நன்கொடைப் பதிவேட்டில் தேதிக் கட்டத்தை இடம் மாற்றி வைத்தேன், என் அறிக்கைக்கு வசதி என்று. யாரையும் கேட்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரைக்குக் கணக்கு அக்கா போன். "தம்பி, யாரைக் கேட்டு மாத்துனீங்க? ரசீதுல இருக்கிற வரிசையில இருந்தாத்தானே நான் பார்த்துப் பார்த்து அடிக்க முடியும்? நாப்பது பதிவு தப்பா ஏறிடுச்சு, யாரு உக்காந்து சரி பண்றது?" பத்து நிமிடம் விடவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் என்னைத் திட்டுவது இதுதான் முதல் தடவை, தம்பி என்று கூப்பிட்டதும்.

கட்டத்தைப் பழையபடி வைத்துவிட்டேன். நாற்பது பதிவையும் நானே சரி செய்து, ரசீதோடு ஒப்பிட்டு, மதியம் அனுப்பினேன். முப்பத்தொன்றாவது ரசீதில் தொகை தப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.